உள்பக்கம் தள்ளு

எங்கள் வீட்டுக்கு ஒரே கதவு.
ஒருகாலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கிய
பழைய மெர்சிடிஸ் பேருந்து;
ஓட்டுநருக்கென்று தனி வழி கிடையாது.
ஒவிடியோதான் இருக்கைகளைக் கழற்றினான்,
கட்டிலும் அடுப்பும் பொருத்தினான்,
பின்வழியை வெல்டு வைத்து அடைத்தான்.
குளிர் வரும் என்றான். சரி என்றேன்.

மூன்று நாளாய் எங்களுக்குள் பேச்சில்லை.
திரெலேவ் வீட்டை விற்பதா வேண்டாமா என்று தொடங்கி
உப்பு வாங்க மறந்தது யார் என்பதில் வந்து நின்றிருந்தது.
நாற்பதாம் நெடுஞ்சாலையின் சரளை மட்டும்
சக்கரங்களோடு ஓயாமல் வாயாடிக்கொண்டு வந்தது.

நேற்றிரவு ஒரு மேட்டின் மறைவில் நிறுத்தினோம்.
மறைவு என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.
பதகோனியாவில் காற்று
நான்கு திசையையும் குத்தகைக்கு எடுத்திருக்கிறது.

விடியுமுன்பே கேஸ் சிலிண்டரைப் பார்க்க இறங்கினான்:
உள்ளாடை, என்னுடைய கம்பளிச் சட்டை,
ஜோடி சேராத இரண்டு செருப்பு.
அவன் முதுகுக்குப் பின்னால் காற்று கதவை அறைந்தது.
அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன்.

கைப்பிடி அசைந்தது.
மறுபடி அசைந்தது.
பிறகு, மூன்று நாளில் முதல் சொல்:
"திற."

எழுந்து போய்த் தள்ளினேன். தோளால் இடித்தேன்.
"திறக்க வரவில்லை."
"எலுனெட், விளையாடாதே."
"நான் பூட்டவில்லை."

வெளியே பதில் இல்லை.
அவன் நம்பவில்லை என்பது
தகரத்தைத் தாண்டி எனக்குத் தெரிந்தது.
முப்பத்திரண்டு வருஷமாய்க் கேட்ட சத்தமின்மை,
எது எந்த ரகம் என்று தெரியாதா?

ஜன்னல்களோ
பிள்ளைகள் தலை நீட்டாதபடி பாதிதான் இறங்குபவை.
அதன் வழியாக அவன் கால்சட்டையை நீட்டினேன்.
அவன் கை எட்டுமுன் காற்று உள்ளே புகுந்து
இரண்டு கால்களையும் நிரப்பி
முட்புதர் வெளியில் ஓடவிட்டது.
தூரத்தில் ஒரு குவானாக்கோ தலை தூக்கிப் பார்த்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சண்டை நடப்பது ஞாபகம் வந்து உதட்டைக் கடித்தேன்.
செருப்பில் ஒன்றை விட்டுவிட்டு
அவன் துரத்திக்கொண்டு ஓடினான்.

டார்ச்சோடு மண்டியிட்டேன்.
கதவின் இடுக்கில், பூட்டின் நாக்கைச் சுற்றி
நாற்பதாம் நெடுஞ்சாலையே மாவாய் அப்பியிருந்தது,
இரவின் ஈரத்தில் இறுகி.
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினேன்.
குறுக்கெழுத்துப் பென்சிலின் கூரைச் சீவி,
அந்தக் கரித்தூளை
மாத்தே உறிஞ்சும் குழலால் உள்ளே ஊதினேன்.
இழுத்தேன்.
நாக்கு வரவில்லை. அவனைப் போலவே, உள்ளுக்குள் மடங்கி.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து
வெளியே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான்.
"இழுக்காதே" என்றேன்.
"பின்னே?"
"உள்பக்கம் தள்ளு."
"எனக்கு உள்ளே வரணும். கதவு வெளியேதான் திறக்கும்."
"தெரியும். தள்ளு. இன்னும் இறுக்கி மூடு.
நீ இழுக்க இழுக்க அது கவ்வுகிறது."

அவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது.
பிறகு அவன் எடை முழுவதும் தகரத்தில் சாய்ந்தது.
என் உள்ளங்கை இந்தப் பக்கம்.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
முதல் தடவை இல்லை.
இரண்டாம் தடவை ஒரு முனகல்.
மூன்றாவதில்
க்ளிக் என்று நாக்கு நழுவியதை விரல் உணர்ந்தது.

சொல்லிவிடுகிறேன்:
உடனே திறக்கவில்லை.
ஒரு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருந்தேன்.
அந்தப் பக்கம் அவன் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தான்,
நான் சொன்னதற்காக, முழு பலத்தோடு,
தன் வீட்டுக்கதவைத் தானே மூடிக்கொண்டு.

கதவு திறந்தபோது
காற்றும் மணலும் அவனும் ஒன்றாய் ஏறினார்கள்.
முழங்கால்கள் நீலம் பாரித்திருந்தன.
கால்சட்டையில் முள்.

அடுத்த ஊர் வரை பூட்ட வேண்டாம் என்றான்.
தன் பெல்ட்டால் கைப்பிடியைக் கட்டிலோடு கட்டினான்.
விரலளவு திறந்தபடி, தட்டித் தட்டி,
வழியெல்லாம் தூசியை அள்ளிக் கொட்டிக்கொண்டு
கதவு வந்தது.

திரெலேவ் வீட்டைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும்.
ஒரே குழலில் மாறி மாறி மாத்தே குடித்தோம்.
பென்சில் ருசித்தது.
அவன் முகம் சுளித்தான்,
குழலைத் துடைக்காமல் என்னிடம் நீட்டினான்.