சிக்னல் கிடைக்கும் இடம்

முப்பத்தொரு வருடம் வரி அலுவலகத்தில் இருந்தேன்.
பிறர் கணக்கில் பிழை பிடிப்பது என் வேலை.
ஓய்வு பெற்ற கையோடு
என் ஆன்மாவின் பேரேட்டைப் புரட்டினேன்:
இத்தனை ஜெபமாலை, இத்தனை பூசை,
அம்மாவின் பேரில் ஏற்றிய மெழுகுவர்த்திகள்.
வரவுப் பத்தியில் ஒன்றுமில்லை.
சொல்ல வெட்கம்தான்.
பின்வரிசையில் மண்டியிட்ட காலமெல்லாம்
எனக்குக் கேட்டது என் முழங்காலின் நறநறப்பு.

ஃபாதர் யோஸ்ட் உபதேசம் எதுவும் செய்யவில்லை.
வேன் சாவியை நீட்டினார்.
"ஓட்டுபவருக்கு முதுகுவலி, கோடெலீவ்.
வியாழன்தோறும் வர முடியுமா?"
முட்செடி எதுவும் எரியவில்லை.
தொட்டியில் பாதி டீசல் இருந்தது.

ஆன்ட்வெர்ப் துறைமுகம் ஊருக்கு முதுகு காட்டி நிற்பது.
மைல் கணக்கில் கம்பிவேலி,
வண்ணப் பெட்டிகளை அடுக்கிக் குலைக்கும் பாரந்தூக்கிகள்,
ஷெல்ட் ஆற்றின் மேல் உப்பும் எண்ணெயும் கலந்த காற்று.
கப்பல் வரும், பதினாறு மணி நேரம் நிற்கும், போய்விடும்.
நம் வாழைப்பழத்தையும் செருப்பையும் சுமந்து வந்தவர்கள்
கரையில் கால் வைக்காமலே திரும்புவார்கள்.

வேனில் சிம் கார்டு, பல்வலி மாத்திரை, நகவெட்டி,
கம்பளித் தொப்பிகள்
(மெஹலென் நகரில் யாரோ பின்னிக்கொண்டே இருக்கிறார்கள்),
ஐந்து மொழிகளில் திருப்பாடல்கள்.
திருப்பாடல் இதுவரை யாரும் கேட்டதில்லை.
நகவெட்டிதான் முதலில் தீரும்.
இதையும் எண்ணினேன் முதல் சில வாரம்:
இத்தனை தொப்பி, இத்தனை தலை.
பழக்கதோஷம்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி,
தானியம் ஏற்றிவந்த பழங்கப்பல்.
இயோதெபா என்றொரு கிரிபாட்டித் தீவுக்காரன்.
இறங்க அனுமதியில்லை, ஏதோ தாளில் முத்திரை விடுபட்டிருந்தது
(எத்தனை தாள்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்).
அவன் மனைவிக்கு வலி கண்டு இரண்டு நாள்.
அந்த இரும்பு வயிற்றுக்குள் எந்த அலைவரிசையும் நுழையவில்லை.
ஏணியின் உச்சிப் படியில் நின்று
என் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கினால்
ஒற்றைக் கோடு.
அதிலிருந்து அவன் கைபேசிக்கு ஒரு நூலிழை.
இறக்கினால் அறுந்துவிடும்.

தூக்கிப் பிடித்தேன்.
அறுபத்தாறு வயதுத் தோள்.
ஐந்து நிமிடம், பத்து, அப்புறம் நேரம் தெரியவில்லை.
அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை,
"மவுரி" என்பது வணக்கம் என்பதைத் தவிர.
கை உதறத் தொடங்கியபோது
கப்பலின் சமையல்காரர், ஒடெஸாக்காரர்,
வாயில் அணைந்த சிகரெட்டோடு
எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து
என் முழங்கைக்கு அடியில் தன் தோளை முட்டுக் கொடுத்தார்.
அவர் மேல் வெங்காய வாசனை.

மோசேயின் கை தளர்ந்தபோது
ஒரு கல்லைப் போட்டு உட்காரவைத்து
இருவர் தாங்கிக்கொண்டார்களாம்.
அங்கே யுத்தம் நடந்தது.
இங்கே, பூமியின் அந்தப் பக்கத்தில்,
ஒரு குழந்தை அழுதது.
முதலில் தும்மல் மாதிரி,
பிறகு நல்ல கோபத்தோடு.

இயோதெபா கம்பியைப் பற்றிக்கொண்டு குந்திவிட்டான்.
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான், பாருங்கள், பாருங்கள்.
நான் குனியவில்லை.
குனிந்தால் கோடு போய்விடுமே.
வானத்தைப் பார்த்த கை,
சொல் தீர்ந்த வாய்,
யாருக்காகவோ நிற்கும் உடம்பு.
இந்த நிலைக்கு என்ன பெயர் என்று
முதல் நன்மை வாங்கிய வயதிலிருந்து எனக்குத் தெரியும்.
பெயர்தான் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் பாலத்தில் நெரிசல்.
அழுதேனா என்றால், கொஞ்சம். மூக்கும் ஒழுகியது, குளிர்.
தோள் மூன்று நாள் வலித்தது.
பதிவேட்டில் எழுத ஃபாதர் யோஸ்ட் கேட்டார்,
எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?
எண்ண மறந்துவிட்டேன் என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.

ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.
அடுத்த வியாழன் அந்த இடத்தில் வேறு கப்பல்,
வேறு கொடி.
நகவெட்டி வாங்க வேண்டும்.