இயந்திரக் கோளாறு அல்ல

பதினோரு வருஷமாக இந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்கிறேன்:
‘விபத்து இயந்திரக் கோளாறால் நிகழ்ந்ததல்ல.’
வாகன ஆய்வாளர் எப்போதும் இப்படித்தான் முடிப்பார்.
ஓட்டுநர்கள் எப்போதும்
‘பிரேக் பிடிக்கலைங்க’ என்றுதான் தொடங்குவார்கள்.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு கை, ஒரு கால், சில சமயம் ஒரு ஆள்,
மாதச் சம்பளத்தால் பெருக்கப்பட்டு.

ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில்
என் ஆல்ட்டோ கத்தத் தொடங்கியது,
தகரத்தில் ஆணியால் இழுத்த மாதிரி.
‘தூசி மேடம். பேடு போட்டு நாலு மாசம்கூட ஆகலையே’
என்றார் பைபாஸ் ரோட்டுக்காரர்,
சக்கரத்தைக் கழற்றாமல், குனிந்து, ஒற்றைக் கண்ணால்.

இரண்டாம் சனி. கோர்ட் கிடையாது.
விளாங்குடித் தெருவில், வீட்டு முன்னால்,
பின்சக்கரங்களுக்கு இரண்டு செங்கல் அணை கொடுத்து
ஜாக்கியைத் திருகித் தூக்கியபிறகுதான்
நட்டைத் திருப்பினேன்.
சக்கரமும் சேர்ந்து சுற்றியது.
பிரஷ்ஷோடு வந்து நின்ற எதிர்வீட்டு சகாயம்
நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:
‘இதுக்கு ஆளில்லையா மேடம்?’
‘இருக்கு. நான்தான்.’
மறுபடி இறக்கி, ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு கிலோ
முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது.

காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடக் கூடாதாம்.
துணி காயும் கொடியை அறுத்துக் கட்டினேன்.
வெளிப்பக்கத்துப் பேடு
டீயில் முக்காத பிஸ்கட் மாதிரி முழுசாக இருந்தது.
ஒற்றைக் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.
உள்பக்கம்
பேடே இல்லை. இரும்புத் தகடு மட்டும்.
துருப்பிடித்து நகராத ஒரு பின்னால்
பாரம் முழுவதையும் ஒற்றையாளாகத் தாங்கித்
தேய்ந்து முடிந்திருந்தது.
டிஸ்க்கில் நகத்தை வைத்தேன்;
வரி வரியாகத் தட்டியது.

சிம்மக்கல்லில் வாங்கிய புது டிஸ்க் இரண்டையும்
மடியில் வைத்துக்கொண்டு திரும்பும் பஸ்ஸில்
கண்டக்டர் கேட்டார், ‘என்னம்மா, இட்லித் தட்டா?’
‘இல்லண்ணே. இது நிக்கிறதுக்கு.’
லக்கேஜ் போடலாமா என்று யோசித்தவர்
போடாமலே போனார்.

ஒரு பக்கத்தை முடிக்கும்வரை
மறுபக்கத்தைத் தொடவில்லை.
எது எங்கே என்று சந்தேகம் வரும்போதெல்லாம்
எழுந்து போய் அந்தச் சக்கரத்தின் ஓட்டை வழியே
காப்பியடித்துவிட்டு வந்தேன்.
பின்னைச் சுரண்டி கிரீஸ் தடவினேன்.
பேடில் ஒரு பொட்டுகூடப் படாமல்.
பிஸ்டனை கிளாம்பால் நெருக்கி உள்ளே தள்ளுகையில்
மேலே ஆயில் பொங்கி வழிந்து
பம்பரில் ஒரு விரலகலம் பெயிண்ட் போனது.
போகட்டும்.

சாயங்காலம் ஆறரை.
சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன்.

பெடல் தரைவரை போனது.
கிணற்றில் விட்ட வாளிபோல
எதையும் தொடாமல்.

அந்த ஒரு நொடியில்
நான் தட்டச்சு செய்த அத்தனை எதிர்மனுதாரர்களையும் நம்பினேன்.
உசிலம்பட்டி மணல் லாரியை, மேலூர் மினி பஸ்ஸை,
ஜாமீன் கிடைக்காத அந்தப் பால் வண்டிப் பையனை.

இரண்டாவது மிதி. கொஞ்சம்.
மூன்று. நான்காவதில்
கீழிருந்து ஒரு கை என் பாதத்தை ஏந்திக்கொண்டது.
தள்ளிய பிஸ்டன் திரும்பி வர
அத்தனை மிதி ஆகுமாம்.
இதைச் சொல்லும் பக்கத்தை
நான் அப்புறம்தான் படித்தேன்.

ஞாயிறு விடியலில் நாகமலை அடிவாரச் சாலை.
நாற்பதில் போய் மெல்ல அழுத்தினேன், மறுபடி நாற்பது, மறுபடி.
புதுப் பேடுக்கும் புது டிஸ்க்குக்கும்
பழக்கமாக வேண்டும்.
லேசாகக் கருகிய வாசம். சத்தம் இல்லை.
ஏழாவது தடவை
முள்வேலி இடுக்கிலிருந்து ஓர் ஆடு
நடுரோட்டுக்கு வந்து நின்றது.

நின்றேன்.

நடுவில் நாலடி.
அது வாயிலிருந்த இலையை மென்று முடித்தது.
என்னையோ வண்டியையோ பார்க்காமல்
அந்தப் பக்கம் போனது.