மதிய உணவு உட்பட

காலை ஏழரை, பெரேபேர்.
பன்னிரண்டு இருக்கை வேனில் ஒன்பது பேர்.
முதலில் தலைகளை எண்ணுவேன், பிறகு தொப்பிகளை.
தொப்பிதான் அடிக்கடி தொலையும்.
ஓட்டுவது மூர்கென்.
கண்ணாடியில் அவன் தொங்கவிட்ட வேலும் ஜெபமாலையும்
வளைவு வந்தால் இடித்துக்கொள்ளும்.

'புனிதத் தலங்கள், ஒரே நாளில், மதிய உணவு உட்பட.'
விளம்பரத் தாளில் அவ்வளவுதான்.

வடமுனையில் சிவப்புக் கூரை மாதா கோயில்.
இந்த முனையின் பெயருக்குத் துரதிர்ஷ்டம் என்று பொருள் என்றால்
எல்லாரும் சிரிப்பார்கள். இன்றும் சிரித்தார்கள்.
மணப்பெண் ஒருத்தி காற்றில் போன முக்காட்டைத் துரத்தினாள்.
ரோட்ரிக்ஸ் தீவு சிஸ்டர்கள் இருவர்
முழந்தாளிட்டு எழுந்து, மணலைத் தட்டிவிட்டு,
கழிப்பறை எங்கே என்றார்கள்.
புனிதப் பயணங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி.

சேன்த்-க்ருவாவில் ஃபாதர் லவாலின் கல்லறை.
அங்கே இரண்டு நிமிடம் நான் வழிகாட்டி இல்லை.
கைப்பையில் மடித்திருந்த தங்கையின் ஸ்கேன் அறிக்கையை
கல்லறையின் கால்மாட்டில் வைத்து எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை இதே தாளை முருகனிடமும் காட்டியாயிற்று.
இரண்டாவது கருத்தும் கேளுங்கள் என்று
டாக்டர்தானே சொன்னார்.

தால் பூரி, தக்காளி ரூகாய், ஊறுகாய்.
ஹைஃபாவிலிருந்து வந்த யோனா ஹிர்ஷ்பெர்க் தொடவில்லை.
வாழைப்பழம் ஒன்றை உரித்து
தோலைத் திரும்ப மடித்துக் காகிதத்தில் சுற்றினார்.
சட்டைப் பையில் ஒரு சீட்டு. அதில் ஓர் எண்.

போ-பாசென். வெளியிலிருந்து மட்டும்.
இன்றும் சிறைதான், படம் எடுக்கக் கூடாது.
மனப்பாடமானதைச் சொன்னேன்:
ஹிட்லரிடமிருந்து தப்பிக் கப்பலேறிய யூதர்கள்,
ஆயிரத்தைந்நூறுக்கும் மேல்,
போக நினைத்த கரையில் தங்க விடாமல்
பிரிட்டிஷார் இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள்,
ஆண்கள் கல் அறையில், பெண்கள் தகரக் கொட்டகையில்,
நாலரை வருடத்துக்கு மேல்.
"அப்பா இரண்டாம் மாடி" என்றார் யோனா,
ஏதோ ஹோட்டலில் தங்கியதைச் சொல்வதுபோல.

சேன் மார்த்தென். கல்லறைத் தோட்டம்.
நாங்கள் தேடியது அவருடைய அத்தையை.
டைபாய்டில் போனவள், பிறந்தபின் அவர் கேட்டறிந்தவள்.
கண்டுபிடித்தவன் மூர்கென்.
பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது.
யோனா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: என் குடும்பப் பெயர் சூபாயா.
கப்பலிலிருந்து இறங்கியவர் சுப்பையா.
நடுவில் இருந்தது ஒரு குமாஸ்தாவின் காது.
அந்தக் காதைத்தான் ஐந்து தலைமுறையாகக்
கையெழுத்துப் போடுகிறோம்.

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.
மூத்த சிஸ்டர் சிலுவை போட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்
பாதியில் நிறுத்தி
அப்படியே நெற்றியில் வைத்துக்கொண்டார்,
வெயிலுக்கு மறைப்பதுபோல.

பூ வேண்டாம். கல் வைக்க வேண்டும்.
தரையோ சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பொடிக்கல்கூட இல்லை.
அய்யோ, இந்தத் தீவில் கல்லுக்கா பஞ்சம்?
மூர்கென் சாலையைத் தாண்டி ஓடினான்.
கரும்புக் காட்டின் நடுவே ஆளுயரத்துக்கு மேல்
கருங்கல் குவியல்.
நிலம் திருத்தியவர்கள், எங்கள் ஆட்கள்தான்,
குனிந்து குனிந்து பொறுக்கிப் போட்டது.
தினமும் அதைக் கடந்துதான் வருகிறேன்.
வேனில் யாருக்கும் காட்டியதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

சட்டையில் ஏந்தி நாலு கல் கொண்டுவந்தான்.
சின்னதை நீட்டினேன்.
அவர் பெரியதை எடுத்தார், இரண்டு கையாலும்.
வைத்த பிறகு அது கொஞ்சம் ஆடி
நின்றது.

திரும்பும்போது எண்ணினேன்.
தலை ஒன்பது. தொப்பி எட்டு.
யோனாவின் தலையில் சின்னக் குல்லாய் மட்டும்.
வண்டியைத் திருப்பட்டுமா என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.
"அங்கே நிழலே இல்லை."

போர்ட் லூயியில் நெரிசல்.
சிஸ்டர்கள் தூங்கிவிட்டார்கள்.
மூர்கென் தன் சட்டையில் ஒட்டிய மண்ணைத்
தட்டாமலே ஓட்டினான்.