சிவப்புத் தடம்

கணிதம்: நூற்று நாற்பத்தெட்டு.
திரை அதைச் சொல்லிவிட்டு
‘முடிக்கலாமா?’ என்று மரியாதையாகக் கேட்டது.
லாக்கரிலிருந்து எடுத்த கைப்பேசி
அணைந்தபடியே பையில்.

லா பாஸில் எங்களுக்கு
வீட்டுக்குப் போவதென்றால் மேலே போவது.
இன்றைக்கென்று பார்த்து
கேபிள் கார் என்னைத் தூக்கிக்கொண்டே போகிறது
நாலாயிரம் மீட்டருக்கு.

எதிரே தொப்பி சாய்ந்த ஒரு அம்மாள்,
காலடியில் பெரிய பெயின்ட் டப்பா.
கீழே கல்லறைத் தோட்டம், தகரக் கூரைகள்,
மொட்டைமாடியில் பந்தைக் கடிக்கும் நாய்.

பன்னிரண்டு நொடிக்கு ஒரு பெட்டி,
பெட்டிக்குப் பத்துப் பேர்.
மணிக்கு எத்தனை பேர்?
யாரும் கேட்காமலே மனம் போட்டுவிட்டது:
மூவாயிரம்.
ஓரத்தில் கடிகாரம் குறையவில்லை.
சரியா தவறா என்று சொல்லவும் ஆளில்லை.
மறுபடி போட்டேன்.
மூவாயிரம்தான்.

எல் ஆல்டோ. கதவு திறந்தது, குளிர் ஏறியது.
“படி வரைக்கும் ஒரு கை பிடி மகளே.”
டப்பா கனம்;
இரண்டு முறை கை மாற்றினோம்,
மூன்றாம் முறை இறக்கி வைத்துச் சிரித்தோம்.

அப்புறம்தான் கைப்பேசியை உயிர்ப்பித்தேன்.
தம்பி வில்மெர், ஏழு தடவை:
எவ்வளவு? எவ்வளவு?

மூவாயிரம் என்று அனுப்பினேன்.
மற்றதைச் சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.