ஐந்து வீதத்துக்குக் கீழே

வெல்லாவெளியில் நல்லரெத்தினத்தின் மாட்டுப்பட்டி.
இரவு பதினொன்று.
வலைக்குள் கட்டிய நாம்பன் வாலைச் சுழற்றுகிறது.
ஜௌபர் டோர்ச் பிடிக்க
உறிஞ்சுகுழாயை உதட்டில் வைத்து
மூச்சை இழுக்கிறேன்.
ஒன்று. மறுகா ஒன்று.
என் நாக்குக்கும் அதன் சிறகுக்கும் நடுவே
ஒரு துண்டு வலைத்துணி மட்டும்.

மற்ற நுளம்பு கூனிக் குந்தியிருக்கும்.
அனோபிலிஸ்
பாதி அடித்து விட்ட ஆணி மாதிரிச்
சரிந்து நிற்கும், பின்புறம் மேலே.

விடியுமுன் பட்டிருப்புப் பாலத்தால் எழுவான்கரைக்கு.
ஈரத் துவாயால் மூடிய பெட்டி என் மடியில்.
சடாரென்று பிரேக் அடிக்காதே,
உள்ளே பொம்பிளைகள், என்றேன்.
நூறு பொம்பிளைகள்.
ஆண் நுளம்பை யார் பிடித்தார்.

குழாய் ஒன்றுக்கு இருபத்தைந்து.
சிவப்புப் புள்ளி என்றால் நஞ்சுத் தாள்,
பச்சைப் புள்ளி என்றால் வெறும் எண்ணெய்த் தாள்.
ஒரு மணித்தியாலம்.
பேர்மெத்ரினில் பத்தாம் நிமிடமே விழத் தொடங்கின,
ஆறு காலும் ஆறு திசையில்.
முடிஞ்சுது, என்றான் ஜௌபர்.
நான் சீனித்தண்ணிப் பஞ்சை நனைத்து
குழாயின் மேலே வைத்துவிட்டுப்
பாய் விரித்தேன்.

அடுத்த நாள் அதே நேரம்
பதினாறு எழும்பி நிற்கின்றன.
ஒன்றுக்குக் கால் இரண்டு இல்லை,
நிற்கிறது.
மலத்தியோனில் பன்னிரண்டு.
டி.டி.ரி.யில் இருபத்து மூன்று.

டி.டி.ரி.
அதை இங்கே நிறுத்தும்போது நானே பிறக்கவில்லை.
இரண்டு கிழமை உயிர் வாழும் இவளுக்கு
அந்தப் பெயர் எந்த யுகத்துச் சங்கதி?
பழக்கமில்லை அவளுக்கு. பயிற்சியும் இல்லை.
நரம்பில் ஒரு பூட்டு, அவ்வளவுதான்.
ஒரு எழுத்துப் பிசகியதில்
துவாரம் கொஞ்சம் நெளிந்துபோயிற்று.
ஒரு திறப்பு நுழையாத இடத்தில்
அதே வார்ப்பில் செய்த மற்றத் திறப்பும் நுழையாது.
நாங்கள் புதிது புதிதாய்ப் பெயர் வைத்துக்கொண்டு
வாசலில் நிற்கிறோம்.

முடிவைச் சொன்னபோது நல்லரெத்தினம் பதறினார்.
“நுளம்புக்கு நாங்க ஒண்டும் செய்யல்லியே,
அறக்கொட்டிக்குத்தானே அடிச்ச.”
உண்மை.
வரம்போரத் தண்ணியில் புழுவாய்க் கிடந்தவையும்
அந்த மருந்தைக் குடித்தன.
செத்தவை செத்தன.
சாகாதவை முட்டையிட்டன.
அவரிடம் இதை எப்படிச் சொல்ல?
இந்தப் போகமும் மருந்துக்கடைக் கடன்
கட்டி முடியவில்லை.

ஊரில் மலேரியா இல்லை.
பத்து வருடமாய் ஒரு காய்ச்சலும் இங்கே பிறந்ததில்லை.
பிறகேன் இரா முழுக்க மாட்டோடு மல்லுக்கட்டுகிறாய்
என்று மாமியார் கேட்கிறா.
கடல் தாண்டி உழைத்தவன் ஒருவன்
காசோடு சேர்த்து
இரத்தத்தில் அதையும் கொண்டுவந்து இறங்கும் அன்று
இவள் பட்டியில் காத்திருப்பாள்,
எங்கள் புகைக்குச் சாகாமல்.

பச்சைப் புள்ளிக் குழாயை
கடைசியாகத்தான் திறந்தேன்.
ஒன்று செத்துக் கிடந்தது.
எந்த நஞ்சும் தொடாதது.
இருபத்தைந்தில் ஒன்று, நாலு வீதம்.
ஐந்துக்குக் கீழே என்றால்
கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது கைநூல்.
இந்த மாவட்டத்தில் அந்த வசனத்தை
முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்,
வேறொரு கந்தோரில், வேறொரு படிவத்துக்கு.

1 என்று எழுதினேன்.
பேனையை அழுத்தி, இன்னொருமுறை அதன்மேல்.

ஜௌபர் வானின் திறப்பை
விரலில் சுழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.
இன்றிரவு உன்னிச்சை.