பக்கம் நாற்பத்தொன்று

திங்கட்கிழமை கடை திறந்ததும்
இன்னாசிமுத்து வந்து நின்றார்.
மஞ்சள் தாள், ஐநூறு, ஒரு பக்கம் போதும்,
ஞாயிறு பூசைக்கு முன்னால் வேணும்.
மேலே 'குடும்பக் காவல் மன்றம்'.
நடுவில் திருக்குடும்பம், தச்சுப் பட்டறையோடு.
கீழே கொட்டை எழுத்தில்:
ஒப்பந்தம் வேண்டாம். 'இல்லை' என்று போடுங்கள்.

என் மெஷினுக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை.
தீமிதி நோட்டீஸ், யூனியன் கூட்டம்,
காணாமல் போன பசுவின் படம்
எல்லாம் அதே சூடு, அதே மை.
தாளுக்குப் பத்து சென்.

அந்த மாதம் புக்கிட் கெலாடி மஞ்சளாகிவிட்டது.
மில் கேட்டில், கோப்பிக்கடைத் தூணில்,
செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் முதுகில்
சூசையப்பரின் உளி மட்டும் தெரிகிற மாதிரி.
மன்றத்தில் மொத்தம் ஏழு பேர்.
ஏழு பேருக்கும் வெள்ளைச் சட்டை.
பழைய கிராணி பிலவேந்திரன் மெகாபோன் பிடிப்பார்.
ரெஜினா டீச்சர் லைன் வீடுகளில்
செருப்பை வாசலில் விட்டு
ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடித்து
அப்புறம்தான் நோட்டீசை நீட்டுவார்,
முருகன் படம் மாட்டிய வீட்டிலும்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார்.
கோயில் மண்டபத்தில் கோட்டோடு வியர்த்தார்.
"கையெழுத்துப் போட்டால்
உங்கள் வீட்டுச் சாவி ஜெனீவாவில் தொங்கும்."
ஜெனீவா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.
கிளந்தானுக்கு அந்தப் பக்கம் என்று
நினைத்திருக்கலாம்.
பங்குச்சாமியார் அந்த ஞாயிறு
கடுகு விதையைப் பற்றிப் பேசினார்.
அதற்கடுத்த ஞாயிறும்.

ஒப்பந்தத்தை யார் படித்தது?
நான்தான். ஆர்வத்தால் அல்ல, மழையால்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், மலாய் மொழியில்.
மாவட்ட ஆபீஸ் பையன் காப்பி எடுக்கத் தந்துவிட்டு
எடுத்துப்போக வரவே இல்லை.
நவம்பர். கடைக்குள் ஈ கூட நுழையவில்லை.
பாதி புரியவில்லை, மீதி தூங்க வைத்தது.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விழித்துக்கொண்டேன்.
பத்திரம் இல்லாமல் பிறக்கும் பிள்ளைக்கு
பிறந்த மண்ணே பேர் எழுதித் தரவேண்டும்.
நான்கு வரி. அவ்வளவுதான்.

வியாழன் இரவு
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார் இன்னாசிமுத்து,
வெள்ளைச் சட்டை இல்லாமல்.
"நாற்பத்தொன்று மட்டும். ஒரு காப்பி.
கொஞ்சம் பெரிசாக்கித் தா."
நான் படித்தது இவருக்கு எப்படித் தெரியும்?
கேட்கவில்லை.

ஜெசிந்தாவை ஊருக்கே தெரியும்.
ஆஸ்பத்திரியில் ஒரு ஜாவாக்காரி விட்டுப்போனதை
இவர் மனைவி துண்டில் சுற்றி எடுத்து வந்தாள்.
பன்னிரண்டில் எடுக்கவேண்டிய ஐ.சி.
பதினைந்தாகியும் வரவில்லை.
தைப்பிங்குக்கு நான்கு முறை பஸ் ஏறி
நான்கு முறையும் அதே பாரத்தோடு இறங்கினார்கள்.
அந்தப் பாரமும் என் கடையில்தான் எடுத்தது.

கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்
மெல்ல நகர்ந்தது.
அவர் தாடையில் ஏறி, மூக்கில் நின்று,
கண்ணுக்கு வருமுன் அணைந்தது.
தாளை நாலாக மடித்து
ஜெபமாலைப் பைக்குள் வைத்தார்.
பத்து சென் நீட்டினார்.
பெரிசாக்கினால் இருபது என்றேன்.
ஏன் சொன்னேனோ. கொடுத்துவிட்டுப் போனார்.

ஓட்டு நாளில் தமிழ்ப்பள்ளி வாசலில்
ஏழு வெள்ளைச் சட்டைகள்.
ஏழாவது எனக்கும் ஒரு மஞ்சள் தாள் தந்தது.
குரல் கட்டியிருந்தது. "போடும்மா" என்றார்,
என்ன போட என்று சொல்லவில்லை.

எங்கள் பெட்டியில் எழுநூற்று இரண்டு 'இல்லை'.
'ஆம்' பத்தொன்பது.
அதில் ஒன்று என்னுடையது.
மற்ற பதினெட்டை
இன்னும் முகங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுவாரம் பிலவேந்திரன் ஒரு கட்டோடு வந்தார்.
மிச்சம் நூற்றுச் சொச்சம்,
திரும்ப எடுத்துக்கொள்வாயா என்றார்.
அச்சடித்ததை எடுப்பதில்லை என்றேன்.