ஒரு நாள் பிந்திப் பிறந்தவள்

உலான் பாத்தர் சதுக்கத்தின் ஓரம்
பங்குச் சந்தை குடிவந்த கட்டடம்
அதற்கு முன் சிறுவர் சினிமாக் கொட்டகை.
வாசலில் சீட்டுக் கிழித்தவள் என் அம்மா ஹொர்லோ.
பாதி பிள்ளையின் கையில், பாதி பெட்டியில்.
கொட்டகையை மூடிய அன்று
"சீட்டுக் கிழித்தவளின் சீட்டையே கிழித்துவிட்டார்கள்" என்று
அவளே சொல்லி அவளே சிரித்தாளாம்.

அந்த ஆண்டு நாட்டையே பங்கு போட்டார்கள்.
மாவு ஆலை, செங்கல் சூளை, தோல் பதனிடும் கூடம்,
எவருக்கும் சொந்தமில்லாததால்
எல்லாருக்கும் சொந்தம் எனப்பட்டவை எல்லாம்.
ஆளுக்கொரு நீலச் சீட்டு
பெரிய ஆலைகளுக்கு.
ஆளுக்கு மூன்று இளஞ்சிவப்புச் சீட்டு
கடை கண்ணிக்கு, கால்நடைக்கு.
குறித்த தேதிக்குள் பிறந்திருந்தால் போதும்,
பால் மணம் மாறாத வாய்க்கும் ஒரு பங்கு.

நான் மறுநாள் விடியலில் பிறந்தேன்.
"நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதட்டுமா?"
கேட்டாளாம் தாதி நாம்ஜில்.
"முதல் காகிதத்திலேயே பொய் வேண்டாம்" என்றாராம் அப்பா.
அதற்காக இருபது குளிர்காலம்
அம்மா அவரை மன்னிக்கவில்லை.

நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு மேசை போட்டார்கள்.
தரை மட்டும் பழையபடி
திரையை நோக்கிச் சரிந்தே கிடந்தது.
கை தவறிய பேனாவெல்லாம்
கடைசி வரிசையிலிருந்து உருண்டு உருண்டு
முன்னால் உட்கார்ந்தவர் காலடியில் போய் நிற்கும்.
யாரும் குனிந்து திருப்பித் தரவில்லை.

புல்வெளியில் வானொலி விலை சொன்னது.
விலை என்பது நேற்றொன்று இன்றொன்று ஆகுமென்று
அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஜீப்பில் வந்தான் கோம்போ:
மூன்று இளஞ்சிவப்புக்கு ஒரு மூட்டை மாவு,
குளிர் கூடிய வாரத்தில்
அரை மூட்டை, ஒரு புட்டி வோட்கா.
சித்தப்பா விற்றார். அவர் மனைவி விற்றாள்.
ஒரே கூடாரத்துப் பங்காளிகள்
முதல்முறை பங்குக்காகப் பேச்சை நிறுத்தினார்கள்.

அண்ணன் சுல்தெமின் நீலச் சீட்டு
செங்கல் சூளைக்குப் போனது.
முதல் ஆண்டு ஈவுத்தொகை பதினோரு செங்கல்.
பணமில்லை, வந்து எடுத்துப் போங்கள் என்று கடிதம்.
இரண்டு பேருந்து மாறி, பையில் தூக்கி வந்தான்.
இன்றும் எங்கள் அடுப்பு அதன்மேல்தான்.
இரண்டாம் ஆண்டு கடிதமும் இல்லை.

பிறகு வங்கிகள்.
ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு
மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டார்கள்.
மந்தை வைத்திருக்கும் நாடு,
கணக்கு புரிய அதிக நாள் ஆகவில்லை.
பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசை,
வரிசையில் அப்பா,
மூச்சு உறைந்து மீசையில் வெள்ளை.

பிறகு நிலக்கரி.
டாக்சி ஓட்டுபவர்கூடப் புள்ளி பேசினார்.
மறுபடியும் ஆளுக்கிவ்வளவு பங்கு என்றார்கள்.
இந்த முறை நானும் பிறந்திருந்தேன்.
அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன்.
விற்க முடியாது, அடகு வைக்க முடியாது,
இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.
சொல்லிக்கொண்டேன், பல வருஷம்.

இப்போது அங்கேதான் எனக்கு வேலை.
ஆண்டு விழா மலருக்குச் சந்தையின் வரலாறு எழுதுகிறேன்.
"சரிந்த தரை" என்று தொடங்கியிருந்தேன்.
மேலாளர் பத்ரக் சிவப்பில் அடித்திருந்தார்:
சரிவு என்ற சொல் வேண்டாம்,
முதலீட்டாளர்கள் படிப்பார்கள்.
கோம்போவை "தொடக்ககாலத் தரகர்" ஆக்கியிருந்தார்.
செங்கலை எடுத்துவிட்டார்.

போன வாரம் அம்மா வந்தாள்.
கூச்சலில்லாத கூடம், ஒளிரும் எண்கள்,
தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள்.
என் மேசையிலிருந்து பேனாவை எடுத்துத்
தரையில் படுக்க வைத்துப் பார்த்தாள்.
அசையவில்லை.
"சமமாக்கிவிட்டார்களே" என்றாள்.
தரையை, என்றேன்.
அவள் அதைக் கேட்கவில்லை.
நுழைவு அட்டையைப் பாதியாய்க் கிழிக்கப் போய்
பிளாஸ்டிக் என்று தெரிந்து
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.